நாலு போடாதவர்

கடைக்குள் நுழைந்ததும் அவர் எனக்கு வணக்கம் சொல்ல மாட்டார். முதல் மரியாதை பிரிட்ஜுக்குத்தான். குடையை மூலையில் சாத்திவிட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நேராகப் போய்க் கதவைத் திறப்பார். உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்து, அது காட்டும் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, நோட்டில் தேதி, மணி, டிகிரி மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"இன்னா மேடம், நேத்து பார்த்த அதே பிரிட்ஜ்தானே?" என்று கிண்டல் செய்வேன்.

"நேத்து பார்த்தத நேத்தே எழுதிட்டேன் தம்பி" என்பார்.

பழவேற்காடு கடைத்தெருவில் இருக்கும் என் மருந்துக் கடையில் அவர் இரண்டரை வருஷம் மருந்தாளுநராக இருந்தார். பொன்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, சிரிப்பதில் கஞ்சத்தனம் காட்டுகிற அம்மாள். பெயரை எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை எதிலாவது எழுதினால் வந்து திட்டுவார் என்கிற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவரை நான் ஆசைப்பட்டு வேலைக்கு வைக்கவில்லை. மருந்தாளுநர் கடையில் இருந்தால்தான் மருந்து விற்க வேண்டும் என்பது சட்டம். சர்டிபிகேட் சுவரில் இருந்தால் போதும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு முன்னால் என் சுவரில் தொங்கிய சர்டிபிகேட்டின் சொந்தக்காரரை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து, சுவரைக் காட்டி, "இவர் எங்கே?" என்றார். சாப்பிடப் போயிருக்கிறார் என்றேன். "எந்த ஊருக்கு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவோடு வந்து கடையிலேயே உட்காருகிற ஆள் ஒருவர் தேவைப்பட்டது.

சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். வந்த முதல் வாரமே செட்டு மாத்திரையை நிறுத்தினார். வலை இழுக்கிறவர்களுக்கு உடம்பு வலி ஓயாது. விடிந்ததும் வந்து, "ஒரு செட்டு குடு" என்பார்கள். வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பெயர் சொல்லாமல் ஒன்று என்று பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். பெயர் சொல்லாததுதான் ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும். ஊரில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் வந்ததே அந்த மாத்திரையால்தான்.

"டாக்டர் சீட்டு இருக்குதாபா?" என்று படகுக்காரர் ஒருவரைக் கேட்டார் அவர்.

"முதுகு வலிக்கு இன்னாத்துக்குமா சீட்டு?"

"கிட்னி போனா அதுக்கும் சீட்டு வேணும்பா. இப்பவே போய் வாங்கிக்கினு வந்துடு."

படகுக்காரர்கள் முனகிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே செட்டு தாராளமாகக் கிடைத்தது. காலியாகிற என் கல்லாவைப் பார்க்கிற பார்வையில் நான் அவரைப் பார்த்தேன். அவர் காலாவதியான மருந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 'விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு மையில் எழுதிய அட்டைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த டிகிரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். இன்சுலின், தடுப்பூசி மாதிரி மருந்துகள் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நான் அறிந்த கடைகளில் யாரும் பார்த்து எழுதியதில்லை. மாதம் பிறந்ததும் டீ ஒன்று சொல்லிவிட்டு, முப்பது கட்டத்திலும் வரிசையாக நாலு போடுவோம். கெட்டிக்காரர்கள் நடுவில் இரண்டு இடத்தில் ஐந்து போட்டு, பேனாவையும் மாற்றிக்கொள்வார்கள். உப்புக் காற்றில் கம்பி அரித்து, வாரத்தில் இரண்டு நாள் கரண்ட் போகிற ஊரில், எங்கள் நோட்டுகளில் மட்டும் வருஷம் முழுக்க நாலு டிகிரிதான்.

அவர் நோட்டில் ஐந்து வரும், ஏழு வரும். கரண்ட் போன நாளில் பதினொன்று வரும், பதினாறு வரும். பக்கத்திலேயே குட்டி எழுத்தில், 'மின்சாரம் இல்லை. ஆறு குப்பிகளைத் தனியே எடுத்து வைத்தேன்' என்று எழுதியிருப்பார். பஸ் தாமதமானால் வருகைப் பதிவில் பத்து ஐம்பத்திரண்டு என்று அவரே போட்டுக்கொள்வார். நான் கேட்கக்கூட மாட்டேன்.

ஒருநாள் பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்திருந்த இன்சுலின் குப்பிகளில் சில உறைந்துவிட்டன. வெளியே எடுத்து வைத்ததும் கரைந்து பழையபடி ஆயின. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அத்தனையையும் தூக்கிச் சிவப்பு மைப் பெட்டிக்குள் போட்டார். அத்தனையும் என் காசு.

"ஐஸ்ல வெச்ச மீனே நாலு நாள் தாங்குது மேடம். மருந்து தாங்காதா?"

"அது செத்த மீன் தம்பி. இது உயிரோட இருக்கற சரக்கு. சூடு பட்டா கொஞ்ச கொஞ்சமா சாவும். உறைஞ்சா அன்னிக்கே செத்துடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஊசியில ஏத்தினா வேலை செய்யாது."

இந்த வார்த்தைகளை நான் மறந்தேன் என்று இனி எங்கேயும் சொல்ல முடியாது. இதோ, ஒன்று விடாமல் எழுதிவிட்டேன்.

என் அப்பாவை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். நைனா கடலை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரை வந்த பிறகு ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுவதோடு சரி. காலையில் கடைக்கு வந்தால் நான் அவருக்கு இன்சுலின் போடுவேன். அதற்கு முன்னால் மேடத்தின் சோதனை ஒன்று உண்டு.

"காலைக் காட்டுங்க நைனா."

நைனா வெட்கப்பட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவார். சர்க்கரைக் காலுக்கு வலி தெரியாது. ஏரியடியில் கிடக்கும் சிப்பி கிழித்தால்கூட ரத்தம் பார்த்துத்தான் தெரியும். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் விரலாக விலக்கிப் பார்ப்பார். பிரிட்ஜைப் பார்க்கிற அதே முகம். கீறல் இருந்தால் கழுவி மருந்து போட்டுவிட்டு அதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுவார்: 'இடது சுண்டுவிரல், சிப்பி.'

நைனா அவருக்காக நண்டு கொண்டுவருவார். மருந்துக் கடைக்குள் நண்டு வரக் கூடாது என்று மேடம் சட்டம் பேசியதால், பையை வெளியே ஷட்டர் கொக்கியில் மாட்டிவிட்டு வருவார். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது மேடம் யாரும் பார்க்காத மாதிரி அதை எடுத்துக்கொண்டு போவார். நான் பார்த்த அவருடைய ஒரே கள்ளத்தனம் அதுதான்.

"ஏம்மா, இவ்ளோ கறாரா இருக்கியே, யாராச்சும் மருந்து மாத்திக் குடுத்து உங்க வூட்ல எதுனா ஆயிடுச்சா?" என்று நைனா ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணும் ஆவல நைனா. பார்க்கறத எழுதறேன். இதுக்குப் போய் வூட்ல யாராச்சும் சாவணுமா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் ஊருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். "மீஞ்சூர் தாண்டிட்டாரு" என்று போன் வரும். கடைக்குக் கடை ஷட்டர் இறங்கும். வாடகைச் சர்டிபிகேட்டுகளின் சொந்தக்காரர்கள் பைக்கில் பறந்து வந்த பிறகுதான் மறுபடி ஏறும். மேடம் வந்த பிறகு அவர் வந்த தடவை என் கடையில் மட்டும் ஷட்டர் இறங்கவில்லை. மேடம் இருக்கும்போது எனக்கென்ன பயம்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் டிகிரி நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறியது.

"பதினாறு டிகிரியா? இன்னாமா இது? எதிர்க்கடையில வருஷம் பூரா நாலுதான் இருக்கு."

"அங்கேயும் இதே கரண்ட்தான் சார் வருது" என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே பேனாவைத் திறந்தார். "நீங்க எழுதிட்டீங்க, நான் பார்த்துட்டேன். இனிமே நான் எழுதாம இருக்க முடியாதுமா."

கரண்ட் இல்லாத நேரத்துக்கு மாற்று ஏற்பாடு ஏன் செய்யவில்லை என்று எனக்கு நோட்டீஸ் வந்தது. எதிர்க்கடைக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கடைக்காரன் டீக்கடையில் நாலு பேர் நடுவில், "இன்னாபா, உன் போலீச நீயே சம்பளம் குடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் பெரிதாகப் பட்டது. இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு அன்று தீர்க்கத் தோன்றவில்லை, மேடத்தை அடக்கத்தான் தோன்றியது.

"இனிமே எல்லாரும் போடற மாதிரி நாமளும் நாலு போட்டுடலாம் மேடம்" என்றேன்.

"நீங்க போட்டுக்குங்க தம்பி. பக்கத்துல என் கையெழுத்தக் கேக்காதீங்க."

"அப்ப நீங்க வீட்லயே இருங்க. சம்பளம் வந்துடும். சர்டிபிகேட் மட்டும் இங்க மாட்டியிருக்கட்டும்."

அவர் நைனாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து சர்டிபிகேட்டைக் கழற்றினார். கண்ணாடிமேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றினார். பிறகு பிரிட்ஜைத் திறந்து பார்த்து, ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நைனா நின்றிருந்தார். அவரை உட்காரவைத்துக் காலைப் பார்த்துவிட்டு, "தெனமும் யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங்க நைனா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கொக்கியில் தொங்கிய நண்டுப் பையை அன்று எடுக்கவில்லை.

சுவரில் புதிதாக ஒரு சர்டிபிகேட் வந்தது. நோட்டில் நாலு வந்தது. நைனாவின் காலை நான் ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் நேரமில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்துக் கம்பங்கள் சாய்ந்தன. மூன்று நாள் கரண்ட் இல்லை. பிரிட்ஜில் இன்சுலின் நிறைய இருந்தது. நான் மீன்காரன் மகன், ஐஸுக்கா எனக்குப் பஞ்சம்? படகில் ஐஸ் பெட்டி கட்டுவதைப் பார்த்தே வளர்ந்த கை. தெர்மாக்கோல் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், ஒரு கை கல்லுப்பு, ஒரு அடுக்கு குப்பி, மேலே மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. தூர இடத்துக்கு அனுப்புகிற இறாலை இப்படித்தான் கட்டுவோம். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூடியை டேப் போட்டு ஒட்டியபோது, மேடம் பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பெருமை.

கரண்ட் வந்ததும் திறந்தேன். பாதிக் குப்பிகள் வெள்ளையாக உறைந்து கிடந்தன. அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நிமிஷம் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரைந்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துடைத்துப் பிரிட்ஜுக்குள் அடுக்கினேன். அந்த மூன்று நாளுக்கும் நோட்டில் நாலு ஏற்கெனவே போட்டிருந்தது.

நைனாவுக்கு அந்தக் குப்பிகளிலிருந்துதான் போட்டேன். என் கையாலேயே, காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல் போட்டேன். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அளவைக் கூட்டினேன். அப்போதும் இறங்கவில்லை. அவருடைய இடது பாதத்தைச் சிப்பி கிழித்தது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இன்சுலின் சரியான குளிர்ல இருந்துதா?" என்பதுதான்.

"என் சொந்த மருந்துக் கடை சார். நாலு டிகிரி. தினமும் எழுதற நோட்டே இருக்கு" என்றேன்.

அவர் அதை நம்பினார். நைனா பக்கம் திரும்பி, "அப்போ நீங்கதான் ஏதோ சாப்பிட்டிருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க பெரியவரே" என்றார்.

நைனா இல்லை இல்லை என்றார். டாக்டர் விடவில்லை. நைனா கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு கல்யாணத்துல ஒரு லட்டு துண்ணேன் சார். ஒண்ணே ஒண்ணு" என்றார்.

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் சொல்லுவாங்க" என்றார் டாக்டர்.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாய் இருந்தது, நாக்கு இருந்தது. நைனாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான்காம் நாள் மேடம் வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நைனாவின் போர்வையைப் பார்த்தார். போர்வை ஒரு பக்கம் பாதியோடு தட்டையாகிப் போயிருந்தது. "காட்டுங்க" என்று சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. என் பையைத் திறந்து, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குப்பியை எடுத்தார். உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி துகள்கள் ஒட்டியிருந்தன. நான் அத்தனை நாளும் அதிலிருந்துதான் உறிஞ்சியிருக்கிறேன், ஒரு தடவையும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

"உறைஞ்சுது இல்ல?"

"ஆமா மேடம்."

"நோட்டுல இன்னா போட்ட?"

"நாலு."

"இன்னும் யார் யாருக்குக் குடுத்த?"

அன்றுதான் முதல் தடவையாக என்னை நீ என்றார். பில்லில் பேட்ச் நம்பர் போடுவதை அவர் போன பிறகு நான் நிறுத்திவிட்டிருந்தேன். யோசித்து யோசித்து எட்டுப் பேரைச் சொன்னேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவரே ஷேர் ஆட்டோ பிடித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குப்பங்களுக்குப் போனார். சாயங்காலம் போன் செய்தார்.

"ஏழு பேருகிட்ட குப்பிய வாங்கிட்டேன். எட்டாவது வூட்ல அந்தம்மா இல்ல. காரியம் முடிஞ்சு ஒரு வாரம் ஆவுதுனு சொன்னாங்க."

"எதனால மேடம்?"

"எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. பார்க்காதத சொல்ல மாட்டேன்." அதே குரலில் மேலே சொன்னார். "பார்த்த குப்பியப் பத்தி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போடறேன். நீ ஒண்ணு மட்டும் செய். நைனாகிட்ட உண்மையச் சொல்லிடு. லட்டு லட்டுனு பெனாத்திக்கினு இருக்காரு."

சரி என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இரண்டு மாதம் கழித்து, "மீஞ்சூர் தாண்டிட்டாரு" என்று போன் வந்தது. புது இன்ஸ்பெக்டர். அவர் வந்து சேர்வதற்குள் என் சர்டிபிகேட்டின் சொந்தக்காரர் வந்து வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். நைனா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு புகார் வந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "மழையப்போ மருந்து உறைஞ்சு போச்சுன்னு." நோட்டை வாங்கி அந்த மாதத்தைத் தேடினார். நாலு, நாலு, நாலு. "கரண்ட் இல்லாம எப்படி நாலு?"

"மீன் ஊர் சார். ஐஸுக்கா பஞ்சம்?"

அவர் சிரித்தார். என் பக்கம் குனிந்து, நைனாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "எழுதினவங்க இங்க வேலை பார்த்து நின்னவங்களாமே?"

"ஆமா சார்."

"கோவம் இருக்கும்." தலையை ஆட்டிக்கொண்டார். "நோட்டு நீட்டா இருக்கு. இப்படித்தான் வெச்சுக்கணும்."

அப்போது நைனா வாயைத் திறந்தார். எனக்காகப் பேசினார்.

"என் புள்ள எல்லாம் கரெக்டா வெச்சிருப்பான் சார். ரெண்டு வேளையும் அவன் கையாலதான் எனக்கு ஊசி. நான்தான் நாக்க அடக்காம ஒரு லட்டு துண்ணு கால விட்டுட்டேன்."

"வயசானா வாயைக் கட்டணும் பெரியவரே" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

அவர் வண்டி ஏறிப் போனதும் நைனா, "புகார் யாருடா குடுத்தது?" என்றார்.

"யாரோ. தெரியல நைனா" என்றேன்.

"நம்ம மேடம் இருந்திருந்தா நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டிருப்பாங்க" என்றார்.

நான் நோட்டை எடுத்து வைக்கப் போனேன். இன்றைக்கு நாலு போட்டிருந்தது. பேனா கையில்தான் இருந்தது. நாளைய தேதிக்கு நேராகவும் நாலு என்று எழுதி மூடினேன்.